இருபத்திரண்டு நீலக் கிதார்கள்

ஒரு பொருளைச் செய்தவர் ஒருவர். விலை கொடுத்து வாங்கி வைத்திருப்பவர் வேறொருவர். எடுத்துப் பயன்படுத்துபவர் மற்றொருவர். அன்றாடம் நாம் புழங்கும் பொருள்களில் இம்மூவரையும் பற்றி நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. பானையில் நீர் மொள்ளும்போது குயவரின் முகம் நம் கண்முன் வருவதில்லை. இசைக்கருவியின் நிலை வேறு. செய்தவரின் செவி, காத்தவரின் அக்கறை, வாசித்தவரின் விரல் ஆகிய மூன்றும் கூடும்போதுதான் அது கருவியாகிறது. ஒன்று குறைந்தாலும் அது மரப்பெட்டியாக நின்றுவிடுகிறது.

இதை எண்ணிப் பார்க்கத் தூண்டும் வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அது ஒரு செல்வந்தர் ஆசையோடு சேர்த்த கிதார்களின் வரலாறு. அக்கிதார்களுக்குப் பின்னே, நியூயார்க் நகரின் ஒரு சிறு தெருவில் உழைத்து மறைந்த ஓர் ஆசானின் கதையும், அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த ஒரு மாணவரின் கதையும் அடங்கிக் கிடக்கின்றன.

ஆயிரம் கிதார்கள்

ஸ்காட் சினரி நியூ ஜெர்சி மாநிலத்தவர். உடற்பயிற்சி செய்வோருக்கான ஊட்டப் பொருள்களை விற்று இளமையிலேயே பெருஞ்செல்வம் ஈட்டியவர். மேடையேறிப் பிழைப்பு நடத்திய இசைஞர் அல்லர். கிதாரை நேசித்தவர், அவ்வளவே. கையில் பணமும் நெஞ்சில் ஆசையும் சேர்ந்தபோது அவர் பழைய கிதார்களைத் தேடித் தேடி வாங்கத் தொடங்கினார். 1990-களின் நடுப்பகுதிக்குள் அவரிடம் ஏறத்தாழ ஆயிரம் கிதார்கள் சேர்ந்துவிட்டன. அமெரிக்கக் கிதாரின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றையே அச்சேகரிப்பைக் கொண்டு எழுதிவிடலாம் என்னும் அளவுக்கு அது வளர்ந்தது. 1996-இல் அவ்வாறே ஒரு நூலும் வெளிவந்தது.

ஆயிரம் கிதார்களை ஒரு மனிதர் என்ன செய்வார் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய அறிவற்ற செல்வனின் உவமை நமக்கு உடனே நினைவுக்கு வரும். ஆனால் தீர்ப்புச் சொல்லுமுன் அவர் எவற்றைச் சேர்த்தார், சேர்த்ததைக் கொண்டு என்ன செய்தார் என்பதையும் கேட்பது முறை.

சினரியின் சேகரிப்பில் தனியிடம் பெற்றவை 'ஆர்ச்டாப்' என்னும் வகைக் கிதார்கள். நாம் நம் ஆலயங்களில் காணும் கிதாரின் மேற்பலகை தட்டையானது. நடுவே வட்டமான ஒலித்துளை இருக்கும். ஆர்ச்டாப் கிதாரின் மேற்பலகையோ வயலினைப் போல் வெளிப்புறமாகப் புடைத்து நிற்கும். பலகையை வளைத்து இந்த வடிவம் வருவதில்லை. கனமான மரத்துண்டை உளியாலும் இழைப்புளியாலும் செதுக்கிச் செதுக்கியே கொண்டுவர வேண்டும். மேலே ஸ்புரூஸ் மரம். அடிப்பலகைக்கும் பக்கங்களுக்கும் மேப்பிள் மரம். பலகை மெலிய மெலியக் கைவினைஞர் அதை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். ஓரிடத்தில் இழைப்பார், மறுபடி தட்டுவார். எங்கே நிறுத்த வேண்டும் என்று அளவுகோல் சொல்லாது, செவிதான் சொல்லும். தஞ்சாவூரில் பலாமரத்தைக் குடைந்து வீணை செய்வோரைக் கண்டவர்களுக்கு இவ்வேலையின் பொறுமை எளிதில் விளங்கும்.

இவ்வகைக் கிதாருக்கு வழி காட்டியவர் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் வாழ்ந்த ஆர்வில் கிப்சன். அவர் பெயரால் 1902-இல் தொடங்கிய நிறுவனம் 1922-இல் 'எல்-5' என்னும் கிதாரை வெளியிட்டது. வட்டத் துளைக்குப் பதிலாக, வயலினில் உள்ளதுபோல் ஆங்கில 'எஃப்' எழுத்து வடிவில் இரு துளைகள் அதில் இருந்தன. அக்காலத்தில் நடன அரங்குகளில் எக்காளங்களும் முரசுகளும் முழங்கும் பெரிய இசைக்குழுக்கள் வாசித்தன. அந்த ஆரவாரத்துக்கு நடுவே கிதாரின் ஓசையும் கேட்க வேண்டும். ஒலிபெருக்கியின் துணையோ இல்லை. அத்தேவையிலிருந்து பிறந்ததே ஆர்ச்டாப்.

கென்மேர் தெருக் கடை

ஜான் டி ஆஞ்செலிகோ 1905-இல் நியூயார்க்கில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தவர். ஒன்பது வயதில், வயலினும் மாண்டலினும் செய்து வந்த உறவினரான ரஃபேல் சியானியிடம் வேலை பழகச் சேர்ந்தார். 1932-இல், நாட்டையே பொருளாதாரச் சரிவு வாட்டிக்கொண்டிருந்த நாளில், 'குட்டி இத்தாலி' என்று அழைக்கப்பட்ட பகுதியில் கென்மேர் தெரு 40-ஆம் எண்ணில் தமக்கெனச் சிறு கடையொன்றைத் திறந்தார்.

அவர் முதலில் செய்த கிதார்கள் 'எல்-5' வகையை ஒட்டியவை. நாளடைவில் தமக்கே உரிய வடிவங்களுக்கு வந்தார். 'எக்செல்', 'நியூயார்க்கர்' என்று அவற்றுக்குப் பெயரிட்டார். அந்நகரில் அன்று வானளாவ எழுந்துகொண்டிருந்த கட்டடங்களின் படிப்படியான வடிவம் அவருடைய கிதார்களின் தலைப்பகுதியிலும் பித்தளை வேலைப்பாடுகளிலும் புகுந்தது. ஓரிரு உதவியாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு, வேலை மிகுந்த 1930-களின் இறுதியில் ஆண்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட கிதார்களை அவர் முடித்தார். இசையுலகில் பேர்பெற்றோரும் அக்கடைப்படி ஏறினர். மாலையில் திருமண விருந்தில் வாசித்து மறுநாள் வேறு வேலைக்குச் செல்லும் எளியோரும் ஏறினர்.

அவர் வைத்திருந்த கணக்குப் புத்தகங்கள் இன்றும் உள்ளன. ஒவ்வொரு கிதாருக்கும் ஓர் எண், வாங்கியவர் பெயர், நாள் ஆகியவை கையெழுத்தில் வரிவரியாகப் பதிவாகியுள்ளன. 1001-இல் தொடங்கும் அவ்வெண்கள் 2164-இல் முடிகின்றன. முப்பத்திரண்டு ஆண்டுகளில் 1,164 கிதார்கள். பங்குப் பணியில் இருப்பவருக்கு இதைப் படிக்கும்போது திருமுழுக்குப் பதிவேடு நினைவுக்கு வராமல் இராது. அங்கும் எண்ணும் பெயரும் நாளும்தான் இருக்கும். அந்த ஒற்றை வரிக்குப் பின்னே முழு வாழ்வு ஒன்று விரிந்து கிடக்கிறது என்பது, பதிவேட்டைப் புரட்டுகிறவருக்குத் தெரியும்.

அவ்வரிகளுள் ஒன்றுக்கு உரியது, சினரி பெரிதும் போற்றிய 'கண்ணீர்த்துளி' கிதார். 1957-இல் பீட்டர் ஜிரார்டி என்னும் இசைஞருக்காக டி ஆஞ்செலிகோ செய்தது அது. கிதாரின் உடலில் ஒரு பக்கம் மட்டும் கூர்ந்து நீண்டு, சொட்டக் காத்திருக்கும் துளிபோல் காட்சி தரும். மரபான வடிவத்திலேயே கை தோய்ந்த ஆசான், கேட்டவரின் ஆசைக்காக அந்த மரபைச் சற்றே மீறி, அதிலும் தம் முழுத்திறனையும் காட்டினார். இன்று உலகின் அரிய கிதார்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

ஆனால் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. 1936-இல் கிப்சன் நிறுவனம் மின்கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒலிபெருக்கி வந்தபின் உரத்துப் பாடும் மரம் எதற்கு? எந்தத் தேவைக்காக ஆர்ச்டாப் பிறந்ததோ அந்தத் தேவையே மெல்ல மறைந்தது. 1959-இல் கடை இருந்த கட்டடம் குடியிருக்கத் தகாதது என்று தீர்மானிக்கப்பட்டு, அவர் வெளியேற நேர்ந்தது. உடல்நலமும் குன்றியது. சிறிது காலம் கடை மூடிக் கிடந்தது. அதை மீண்டும் திறக்குமாறு அவரைத் தூண்டியவர் ஒரு மாணவர்.

முடியாத பத்துக் கிதார்கள்

அம்மாணவர் பெயர் ஜிம்மி டி அக்விஸ்டோ. 1935-இல் புரூக்ளினில், இவரும் ஓர் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். ஜாஸ் இசையில் ஈடுபாடு கொண்டு கிதார் வாசித்து வந்த இளைஞர், 1952-இல் டி ஆஞ்செலிகோவிடம் தொழில் பழகச் சேர்ந்தார். தொடக்கத்தில் கடையைக் கூட்டுவது, சாமான் வாங்கி வருவது, ஜன்னல் துடைப்பது போன்ற எடுபிடி வேலைகள்தாம். பார்த்துப் பார்த்துக் கற்றார். ஆசானின் உளி எந்தக் கோணத்தில் இறங்குகிறது, தட்டிப் பார்க்கும்போது முகம் எப்போது மலர்கிறது என்பதையெல்லாம் எந்த நூலும் கற்றுத் தராது. அருகிலிருந்தே கற்க வேண்டும்.

1964 செப்டம்பர் முதல் நாள் டி ஆஞ்செலிகோ காலமானார். வயது 59. கடையில் பத்துக் கிதார்கள் முடிவுறாமல் நின்றன. அவற்றை டி அக்விஸ்டோ ஒவ்வொன்றாக எடுத்து முடித்தார். அந்தப் பத்தும் ஆசானின் எண்வரிசையிலேயே சேர்ந்தன. 1,164 என்னும் கணக்கு நிறைவுபெற்றது ஒரு மாணவரின் கையால்.

இந்த இடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். பாதி செதுக்கிய பலகையில் இன்னொருவர் உளி வைப்பது எளிதன்று. தம் விருப்பத்தைத் திணித்தால் அது ஆசானின் கிதார் ஆகாது. தமக்கென்று செவியே இல்லாதவர்போல் நடந்துகொண்டால் அது கிதாரே ஆகாது. மறைந்தவரின் எண்ணத்தைத் தமக்குள் ஏற்று, தம் கையால் அதை நிறைவேற்ற வேண்டும். மரபு என்று நாம் பேசும் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது.

கடையை டி அக்விஸ்டோ பெற்றார். ஆயினும் ஆசானின் பெயரைத் தொழிலில் வைத்துக்கொள்ளும் உரிமை அவரிடம் நிலைக்கவில்லை. ஒருவகையில் அதுவும் நன்மையாயிற்று. தம் சொந்தப் பெயரிலேயே கிதார் செய்ய வேண்டியதாயிற்று. முதற்சில ஆண்டுகள் ஆசான் வடிவத்தையே பின்பற்றினார். பின்பு சிறிது சிறிதாகக் களையத் தொடங்கினார். பித்தளை வேலைப்பாடுகள் போயின. கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் பகுதியைக் கருங்காலி மரத்தால் செய்தார். முத்துச்சிப்பிப் பதிப்புகள் குறைந்தன. 'எஃப்' வடிவத் துளைகளும் எளிய, விரிந்த வடிவங்களாக மாறின. ஓசைக்கு உதவாத எதுவும் கருவியில் வேண்டாம் என்னும் துறவு அவரிடம் முதிர்ந்தது. ஆசானின் பத்துக் கிதார்களில் தம்மை மறைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கே, பின்னாளில் தம் வழியைக் காணவும் தெரிந்தது.

அவருடைய இறுதிக்காலப் படைப்புகளுள் ஒன்று, சினரியின் சேகரிப்பில் இடம்பெற்ற 'செஞ்சுரா டீலக்ஸ்'. அதன் நிறம் நீலம். ஆர்ச்டாப் கிதார் என்றால் தேன்நிறம், பழுப்பு, அல்லது நடுவில் வெளிறி ஓரத்தில் கறுக்கும் சூரியப் பொலிவு என்பதுதான் வழக்கம். அவ்வழக்கத்தின் நடுவே ஆழ்கடல்போல் நீலம். 1995 ஏப்ரலில் டி அக்விஸ்டோ மறைந்தார். அவர் வயதும் 59.

ஒரே நிறம், இருபத்திரண்டு உள்ளங்கள்

ஆசானும் மாணவரும் ஒரே வயதில் மறைந்தனர். அருகிருந்து கற்று வந்த தொடர்ச்சி இத்துடன் நின்றுவிடுமோ என்னும் கவலை இயல்பானது. அப்போதுதான் சினரி, சேகரிப்பாளர் வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். பழையவற்றை வாங்குவதோடு நில்லாமல், உயிரோடிருந்த கைவினைஞர்களிடம் சென்றார். டி அக்விஸ்டோவின் நீலக் கிதாரை முன்னிறுத்தி, இருபத்திரண்டு பேரிடம் ஆளுக்கொரு கிதார் செய்து தரக் கேட்டார். நிபந்தனைகள் சிலவே: ஆர்ச்டாப் வகையாக இருக்க வேண்டும்; உடலின் அகலம் 18 அங்குலம்; நிறம் அதே நீலம். மற்றவையெல்லாம் செய்பவர் உரிமை.

நியூயார்க்கின் ஜான் மாண்டிலியோன், பாப் பெனடெட்டோ, கனடாவின் லிண்டா மான்சர் போன்ற தேர்ந்த கலைஞர்கள் அவ்வழைப்பை ஏற்றனர். அவர்கள் எல்லாரும் டி அக்விஸ்டோவிடம் தொழில் பயின்றவர்கள் அல்லர். ஆயினும் அவர் திறந்துவிட்ட வழியை அறிந்தவர்கள். ஒரே அளவு, ஒரே நிறம் என்று கட்டுப்படுத்தியதால் ஒரு வியப்பு நிகழ்ந்தது. இருபத்திரண்டும் ஒன்றுபோல் அமைந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். மாறாக, ஒவ்வொன்றிலும் செய்தவரின் உள்ளம் தனித்துத் தெரிந்தது. துளையின் வளைவில், தலையின் சாய்வில், ஓரத்தின் மென்மையில் வேற்றுமை விளங்கிற்று. வெளிச்சீருடை ஒன்றாயிருக்கும்போதுதான் உள்ளிருக்கும் வேறுபாடு கண்ணில் படுகிறது. துறவற இல்லத்தில் சில காலம் வாழ்ந்தவர்கள் இதை அறிவார்கள்.

1997-இல் அந்நீலக் கிதார்கள் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. சினரி தம் கருவிகளைக் கண்ணாடிக்குள் மட்டும் பூட்டி வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹோ, மார்ட்டின் டெய்லர் என்னும் இரு இசைஞர்கள் அவருடைய சேகரிப்பிலுள்ள கிதார்களை வாசித்து ஓர் இசைத்தொகுப்பைப் பதிவு செய்தனர். அது வெளிவந்தபோது சினரி உயிரோடில்லை. 2000 அக்டோபரில், நாற்பதாவது வயதில் அவர் காலமானார்.

அதன்பின் சேகரிப்பிலிருந்த பல கருவிகள் வேறு வேறு கைகளுக்குப் போயின. கண்ணீர்த்துளிக் கிதார் 2011-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், இத்தாலிய மரபில் வந்த கிதார்க் கலைஞர்களைப் பற்றிய கண்காட்சியில் இடம்பெற்றது. டி ஆஞ்செலிகோ, டி அக்விஸ்டோ, மாண்டிலியோன் மூவரின் படைப்புகளும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருந்தன. கென்மேர் தெருவில் தொடங்கிய கிதார்களின் பயணம், அதே நகரின் மிகப்பெரிய கலைக்கூடத்தை அடைய ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

கை அறுந்தால்

இவ்வரலாற்றை அயல்நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. சங்க இலக்கியம் போற்றிய யாழ் நம்மிடம் எப்படி எஞ்சியது? பெயராக எஞ்சியது, உவமையாக எஞ்சியது. விபுலாநந்த அடிகள் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து 1947-இல் வெளியிட்ட 'யாழ் நூல்' இல்லையேல், அதன் இலக்கணமே நமக்கு எட்டாத தொலைவில் நின்றிருக்கும். யாழைப் பாடிய பாடல்களைப் பனையோலை காத்தது. யாழைச் செய்த கை ஒருநாள் மற்றொரு கைக்குக் கற்றுத் தராமல் ஓய்ந்தது. அதை எந்த ஓலையும் காக்கவில்லை. அண்மைக் காலத்தில் அதை மீண்டும் உருவாக்க முயல்வோர் ஏட்டையும் சிற்பத்தையும் பார்த்துத் தடவித் தடவியே செல்ல வேண்டியிருக்கிறது. முடியாத பத்துக் கிதார்களை முடிக்க டி ஆஞ்செலிகோவுக்கு ஒருவர் இருந்தார். நம் கடைசி யாழ்க் கைவினைஞரின் பட்டறையில் அப்படி ஒருவர் இல்லை.

ஒரே ஒரு கிதார்

ஆயிரம் கிதார்களின் கதையைச் சொன்னபின், ஒரே ஒரு கிதாரின் கதையையும் சொல்லுவது தகும். ஏனெனில் அதுவும் பொழுதுபோக்காக வாசித்த ஒருவருக்கு உரியதே. அவர் ஒரு குரு.

அருள்தந்தை யோசேப்பு மோர் 1792-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில், தையல் வேலை செய்து பிழைத்த ஓர் ஏழைத் தாய்க்குப் பிறந்தார். தந்தையோ படையை விட்டு ஓடிப்போன வீரர், தாயை மணக்கவுமில்லை. பேராலயத்து இசைப்பணியாளரான குரு ஒருவர் சிறுவனைக் கல்வியளித்து வளர்த்தார். 1815-இல் குருவானபின் மோர் சிற்றூர்ப் பங்குகளில் துணைக்குருவாக உழைத்தார். 1816-இல் மரியாஃபார் என்னும் ஊரில் கிறிஸ்து பிறப்பைப் பற்றி ஒரு பாடல் எழுதினார். 1818 டிசம்பர் 24 அன்று, ஓபன்டார்ஃப் ஊரின் துணைக்குருவாக இருந்தபோது, பக்கத்து ஊர் ஆசிரியரும் ஆர்கன் வாசிப்பவருமான ஃபிரான்ஸ் சேவியர் குரூபரிடம் அதைக் கொடுத்து, இரு குரலுக்கும் கிதாருக்கும் ஏற்ப இசையமைக்க வேண்டினார். அன்றிரவே புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் இருவரும் பாடினர். மோர் கிதார் வாசித்தார். 'ஸ்டில்லே நாக்ட்' என்று தொடங்கும் அப்பாடல் இன்று உலகின் மூலைமுடுக்கெல்லாம், நம் தமிழகச் சிற்றாலயங்களிலும் கிறிஸ்து பிறப்பு இரவில் ஒலிக்கிறது.

ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டதால்தான் கிதார் வந்தது என்னும் கதை பலரும் கேட்டதே. 1854-இல் குரூபர் தம் கைப்பட எழுதிய குறிப்பில் எலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அக்கதை பிற்காலத்தவர் சேர்த்தது. எளியதொரு கருவியை ஒரு குரு விரும்பி எடுத்தார் என்பதை நம்ப மனமின்றி, அதற்கு ஒரு விபத்தைக் காரணமாகத் தேடியிருக்கிறார்கள் போலும்.

மோர் 1848-இல் வாக்ரைன் என்னும் ஊரில் பங்குக்குருவாக இருந்தபோது மறைந்தார். ஏழைச் சிறுவர்களின் கல்விக்கும் முதியோரின் நலனுக்கும் தம்மிடமிருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டிருந்தார். அவருடைய கிதார் இன்று ஹாலைன் நகரில், குரூபர் வாழ்ந்த வீட்டிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சினரியின் கிதார்களோடு அதை விலையால் ஒப்பிட்டால், செய்வேலையில் அது எளியதே. ஆனால் ஓர் இரவில் அது செய்த பணியை எந்த விலையாலும் அளக்க முடியாது.

வைத்திருப்பவரின் கடமை

டி ஆஞ்செலிகோ 59 ஆண்டுகள் வாழ்ந்தார். டி அக்விஸ்டோவும் அவ்வளவே. சினரி 40 ஆண்டுகள். மோர் 56 முடியுமுன்னே சென்றார். அவர்கள் தொட்ட மரங்கள் இன்னும் உள்ளன. ஆதலால் இசைக்கருவிக்கு உரிமையாளர் என்று எவரையும் சொல்வதைவிட, சில காலம் பொறுப்பேற்ற கண்காணிப்பாளர் என்று சொல்வதே பொருந்தும். அக்காலத்தில் அவர் அதை வாசிக்கச் செய்தாரா, செய்யும் கைகளுக்கு வேலை கொடுத்தாரா, அடுத்தவரிடம் நல்ல நிலையில் ஒப்படைத்தாரா என்பவைதாம் அவரைக் குறித்து எழும் கேள்விகள். சினரி நீலக் கிதார்களைச் செய்வித்த அளவில் அக்கேள்விகளுக்கு நல்ல விடை அளித்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் பங்குகளிலும் சிறு சேகரிப்புகள் உண்டு. பாடகர் குழுவின் அலமாரியில் கம்பி அறுந்த கிதார் ஒன்று சாய்ந்து நிற்கும். துருத்தி கிழிந்த ஆர்மோனியம் ஒன்றும், எப்போதோ யாரோ நன்கொடையாகத் தந்த வயலின் ஒன்றும் அதன் அருகே இருக்கலாம். யார் தந்தது, யார் வாசித்தது, யார் பழுது பார்த்தது என்பது ஊரில் வயது முதிர்ந்த இரண்டொருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம்: ஓர் எண், ஒரு பெயர், ஒரு நாள் போதும். பிறகு கம்பி மாற்றி, அதை வாசிக்கத் துடிக்கும் ஒரு சிறுவனிடமோ சிறுமியிடமோ கொடுத்துவிடலாம். அடுத்த வரியில் அப்பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.